சண்முகா ஸ்டோர்ஸின் மகள்

கல்கத்தாவில் காலையில் லேக் மார்க்கெட் முனையில் ஆட்டோவை விட்டு இறங்கியதுமே யாராவது ஒருவர் "ஷண்முக் பாபு!" என்று என்னைக் கூப்பிடுவார். பூக்காரரோ, மீன்காரியோ, வெற்றிலைக்காரரோ. நானும் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டுவேன். இதில் ஒரே ஒரு சிக்கல், என் பெயர் சண்முகம் இல்லை. என் அப்பா பெயரும் இல்லை, முதலாளி பெயரும் இல்லை. முப்பத்தைந்து வருஷமாக நான் வேலை பார்க்கும் பலசரக்குக் கடையின் பெயர் சண்முகா ஸ்டோர்ஸ். கடைக்குள் நின்று நின்று நானே கடையாகிவிட்டேன். பக்கத்து மிட்டாய்க் கடைப் பலகையில் 'மா தாரா' என்று எழுதியிருக்கிறது. அந்தக் கடைக்காரரை 'மா தாரா பாபு' என்று யாரும் கூப்பிடுவதில்லை. எனக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. வந்த புதிதில் இரண்டு வருஷம் விடாமல் திருத்திப் பார்த்தேன். "என் பெயர் இசக்கிமுத்து" என்பேன். கவனமாகக் கேட்டுக்கொள்வார்கள், தலையை ஆட்டுவார்கள், "சரி ஷண்முக் பாபு" என்பார்கள். அதற்கப்புறம் விட்டுவிட்டேன். அப்படி விட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று போன மாதம்தான் தெரிந்தது.

கதிர், இதை உனக்காகத்தான் எழுதுகிறேன். புனேயில் விடுதியில் உட்கார்ந்துகொண்டு, போனில் உன் அக்கா சொன்ன பாதிக் கதையைக் கேட்டு நீ குழம்பிப் போயிருக்கிறாய். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். வங்காளியில் எழுத எனக்கு வராது, எட்டாம் வகுப்புத் தமிழ்தான் என் கையிருப்பு. ஆகவே பொறுமையாகப் படி. தென்காசிப் பக்கம் இருக்கும் உன் சித்தப்பா பிள்ளைகளுக்கும் ஒரு நகல் அனுப்புகிறேன். என்னைப் போல ஊரை விட்டு வந்தவர்கள் கையில் கிடைத்தால் அவர்களும் படிக்கட்டும். அவர்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று ஏதாவது ஓர் ஆபீசில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

உன் அக்கா சுபாவோடு படிக்கிற ஒரு பெண்ணின் வீட்டில் ஏழு தலைமுறைப் பெயரைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு பெரிய வெள்ளைத்தாளைத் தரையில் விரித்துப் போட்டு, ஊருக்குப் போன் மேல் போன். சித்தப்பா நாலு தலைமுறை சொன்னார். "அதுக்கு மேல?" என்று கேட்டாள். "அதுக்கு மேல சொடலமாடசாமிதான் தாயி, அவுகளுக்கும் ஒரு கட்டம் போட்டுரு" என்றார். சரி, மேலே போக வழியில்லை, கீழே இறங்கினாள். எனக்கு ஒரு கட்டம், அம்மாவுக்கு ஒரு கட்டம், நடுவில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சுபா, கதிர். முடிந்தது என்று பேனாவை மூடினாள்.

உன் அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இன்னொரு கட்டம் போடு" என்றாள்.

"எங்கம்மா?"

"ஒனக்கு முன்னால."

"எனக்கு முன்னாலன்னா? யாரு?"

"ஒங்கப்பாகிட்ட கேளு" என்று சொல்லிவிட்டு, பாதி நறுக்கிய காயோடு உள்ளே போய்விட்டாள். சுபா என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். உங்களுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்து பத்தொன்பது நாள் இருந்தாள் என்பதை உங்களிடம் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று இல்லை. ஒருநாள் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை, அப்படியே முப்பது வருஷம் ஆகிவிட்டது. போட்டோ கிடையாது. காட்டுவதற்கு ஒரு துண்டுத் துணிகூட இல்லை. இதை நான் சுபாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"பேப்பர் இருக்கும். பொறந்தப்ப எழுதுனாங்க, நான் பாத்தேன். ஆபீஸ்ல கேட்டு வாங்கிட்டு வாங்க."

உன் அம்மா என்னிடம் எதையும் வாங்கி வரச் சொல்கிறவள் இல்லை. பலசரக்குக் கடைக்காரன் பெண்டாட்டி என்ன கேட்பாள்? அவளாகக் கேட்டது இந்தக் காகிதம் ஒன்றுதான். ஊரில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் நான் 'ரெண்டு' என்று டக்கென்று சொல்லிவிடுவேன். அவள் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் எடுக்கப் போவாள். குறைமாதப் பிள்ளையை யார் கணக்கில் வைப்பார்கள் என்பது நம் சொந்தக்காரர்கள் எண்ணம். பெற்றது மூன்று என்று சொல்ல அவளுக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று உனக்குத் தெரியுமோ என்னமோ. எட்டாம் மாதம் உன் மாமா வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. அதற்குள் என் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்து நான் கிளம்பிப் போனேன். துர்கா பூஜை அஷ்டமியன்று அப்பா போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, தசமியன்று, இங்கே டாக்குரியாவில் உன் அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. தெருவெல்லாம் கொட்டுமேளத்தோடு துர்கையைக் கரைக்கக் கொண்டுபோகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் எதிர்வீட்டுப் பௌதி ஒரு ரிக்‌ஷாவை மறித்து உன் அம்மாவைப் பிரசவ விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பௌதி என்றால் வங்காளியில் அண்ணி. இந்தத் தெருவுக்கே அவள் அண்ணிதான். அன்றைக்கு உன் அம்மாவுக்குத் தெரிந்த வங்காளி மொத்தம் நாலு வார்த்தை. அதில் இரண்டு காய்கறி.

ஊருக்குத் தந்தி வந்தது, பெண் குழந்தை என்று. சாவு வீட்டில் அதைப் படித்து யாரும் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. மூத்த மகன், பதினாறாம் நாள் காரியம் முடியாமல் கிளம்பக்கூடாது என்றார்கள். நானும் சரி என்றேன். இரண்டு ரயில் மாறி நான் டாக்குரியா வந்து சேர்ந்தபோது குழந்தைக்குப் பதினாறு நாள். மூன்று நாள் பார்த்தேன். என் கட்டைவிரலைப் பிடித்தால் விடமாட்டாள். நாலாம் நாள் தீபாவளி, விடியும்போது அவள் இல்லை. நம் தீபாவளிக்கு அம்மா புதுச்சேலை கட்டாமல், மறுநாள் காளி பூஜைக்குத்தானே கட்டுவாள்? அம்மா வங்காளியாகிவிட்டாள் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். காரணம் இதுதான்.

மாநகராட்சி வட்டார ஆபீசில் பழைய பதிவேடுகள் மாடியில் இருக்கின்றன. அங்கே ஒரு பொடோபாபு இருந்தார். பொடோபாபு என்றால் தலைமைக் குமாஸ்தா. மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும். அதன் வழியாக அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. மனுவில் 'உத்தேசம்' என்று ஒரு பத்தி. அதை நான் நிரப்பாமல் விட்டிருந்தேன். பேச்செல்லாம் வங்காளியில்தான், நம் தமிழில் சொல்கிறேன்.

"என்ன உத்தேசம்?" என்றார்.

"சும்மா பார்க்கத்தான்."

"சும்மாவா? தாதா" என்றார். இங்கே தாதா என்றால் அண்ணன். "இந்த மாடிப்படி எத்தனை தெரியுமா? சும்மா யாரும் ஏறமாட்டாங்க. பாஸ்போர்ட்டா?"

"இல்லை."

"சொத்து வழக்கா?"

"இல்லை."

"ஸ்கூல்ல கேட்டாங்களா?"

"பிள்ளை இறந்து முப்பத்தொரு வருஷம் ஆச்சு."

கண்ணாடியை நெற்றியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு எதற்கு என்று மெதுவாகக் கேட்டார். என் மகள் குடும்பப் படம் வரைகிறாள், அதில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்றேன். மனுஷனுக்கு முகமே மாறிவிட்டது. "அப்படிச் சொல்லுங்க! குடும்ப வரலாறு!" என்று அவரே பேனாவை வாங்கி அந்தப் பத்தியில் இங்கிலீஷில் அழகாக எழுதினார். பிறப்பு இறப்புப் பதிவேட்டில் தேடச் சொல்லி யார் வேண்டுமானாலும் கேட்கலாம், சட்டத்திலேயே இருக்கிறது என்றார். "ஆனா எனக்குத் தெரிஞ்சு இதுக்காக வந்தவர் லண்டன்லேருந்து ஒரு சாஹேப். அவரோட பாட்டனாருக்குப் பாட்டனார் இங்கே தேயிலை வியாபாரம் பண்ணாராம். பக்கத்தைப் பார்த்ததும் கண்ல தண்ணி. நான் சந்தேஷ் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். லேக் மார்க்கெட்லேருந்து வந்த முதல் சாஹேப் நீங்கதான்."

எனக்கு சந்தேஷ் வாங்கித் தரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இறப்புப் பதிவு சீக்கிரம் கிடைத்தது. அது நானே போய் எழுதிக் கொடுத்தது. பெண், வயது பத்தொன்பது நாள், தகப்பன் பெயர் இசக்கிமுத்து, கீழே என் கையெழுத்து. அன்றைக்கு நான் போட்ட கையெழுத்தில் ஓர் எழுத்துகூட நடுங்கவில்லை. அது எப்படி என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. பிறப்புத்தான் வரவில்லை. தசமி என்றைக்கு என்று பொடோபாபு பழைய பஞ்சாங்கம் பார்த்துக் கண்டுபிடித்தார். தகப்பன் பெயரை மட்டும் வைத்து அந்த வாரம் பார்த்தார், அந்த மாதம் பார்த்தார், அடுத்த மாதமும் பார்த்தார். இசக்கிமுத்துவுக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை.

"அபூர்வமான கேஸ் தாதா" என்றார். "பென்ஷனுக்காகச் சாகாம இருக்கிறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். பிறக்காமலே செத்தது உங்க மகள் ஒருத்திதான்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. மூன்று புத்தகம் தூக்கி அவருக்கே மூச்சு வாங்கியது.

இறப்புச் சான்றின் நகலோடு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். சுபா வாசிக்க வாசிக்கக் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எதனாலன்னு போட்டிருக்கா?"

இல்லை என்றேன். இறப்புக் காரணத்தை நகலில் காட்டக்கூடாதாம், பொடோபாபு சொன்னார், அதுவும் சட்டம். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். குழந்தை போனதற்கு முந்தின நாள் காலையில் அதற்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றியது அவள். குளிர் ஆரம்பித்துவிட்டது, ஊற்றாதே என்று பௌதி சொல்லியிருந்தாளாம். இதை முப்பது வருஷத்தில் எனக்கே அவள் சொன்னதில்லை, அன்றைக்குத்தான் சொன்னாள். காரணத்தை மறைக்கச் சட்டம் எழுதினவர்கள் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

"பொறந்த பேப்பர்?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"அது இல்லையாம்."

"இல்லைன்னா? நான் கண்ணால பாத்தேன்ங்க. நர்சு எழுதுனா. பெறக்காமலா செத்தா?"

அந்தச் சமயத்தில் பௌதி கறிவேப்பிலை கேட்டு உள்ளே வந்தாள். வங்காளிகளுக்குக் கறிவேப்பிலை பிடிக்க ஆரம்பித்ததிலிருந்து நம் வீட்டுச் செடி மொட்டையாகத்தான் நிற்கிறது. விஷயத்தைக் கேட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஓ மா! இல்லைன்னா என்ன அர்த்தம்? நான்தானே எல்லா விவரமும் சொன்னேன்!"

"நீங்களா?"

"பின்னே? நர்ஸ் வந்து, அப்பா பேர் என்னன்னு கேட்டா. உங்க செண்பா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. ரெண்டு தடவை கேட்டேன், புடவையை வாயில வெச்சுக்கிட்டா. வலின்னு நினைச்சேன். அப்புறந்தான் தெரிஞ்சது, மகாராணி புருஷன் பேரைச் சொல்லமாட்டாளாம்! சரின்னு நானே சொன்னேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"உங்க பேரைத்தான். என் அடுப்புக்கு மேல உங்க கடைக் காலண்டர் தொங்குதே, பார்க்காமலா இருப்பேன்? சண்முகான்னு சொன்னேன். குடும்பப் பேர் என்னன்னு கேட்டா. ஸ்டோர்ஸ்னேன்."

சுபா கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"மாஷி, ஸ்டோர்ஸா?" என்றாள். மாஷி என்றால் பெரியம்மா.

"ஏன்டீ சிரிக்கிறே? பார்சிக்காரங்கள்ல கான்ட்ராக்டர் இல்லையா, இன்ஜினியர் இல்லையா? மதராசிங்கள்ல ஸ்டோர்ஸ் இருக்கக்கூடாதா? உங்கப்பாவும் முப்பது வருஷமா நான் ஷண்முக்னு கூப்பிட்டா திரும்பித்தானே பார்க்கிறார்!"

சுபா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். உன் அம்மாவும் சிரித்துவிட்டாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. அந்தக் குழந்தையைப் பற்றிய பேச்சில் நம் வீட்டில் யாரும் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பௌதியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? புருஷன் பெயரைச் சொல்லாத வழக்கத்தை ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தது உன் அம்மா. எந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்க்கலாம் என்று இங்கே வந்து பழகிக்கொண்டது நான். இரண்டுக்கும் நடுவில் பிள்ளை வேறொருவன் பெயரில் போய்விட்டது.

மறுவாரம் நாலு பேரும் ஆபீசுக்குப் போனோம். நானும் அம்மாவும் சுபாவும், சாட்சியாகப் பௌதியும். பொடோபாபு இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிட்டார். தசமியன்று, நடுப்பக்கத்தில், பழுப்பு மையில். பெண் குழந்தை. தாய் செண்பகம். தகப்பன் சண்முகா ஸ்டோர்ஸ். குழந்தையின் பெயர் என்ற இடம் காலி. உன் அம்மா அந்த வரியை விரலால் தொடப் போனாள், பிறகு தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள். பெயரை இப்போது சேர்க்கலாமா என்று சுபா கேட்டாள். அதற்கெல்லாம் பதினைந்து வருஷக் கெடு உண்டு, தாண்டிவிட்டது என்றார். தகப்பன் பெயரைத் திருத்தலாம், ஆனால் பழைய எழுத்தை அடிக்கமாட்டார்களாம். பக்கத்தின் ஓரத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுவார்களாம்.

முதலில் சாட்சி. பௌதி கம்பீரமாக முன்னால் போனாள். வழியெல்லாம் உன் அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்திருந்தாள், என்ன காலத்துப் பெண் நீ, புருஷன் பெயரைச் சொன்னால் நாக்கு வெந்துவிடுமா என்று. பொடோபாபு அவள் பெயரை எழுதினார், வயதை எழுதினார். "கணவர் பெயர்?" என்றார்.

பௌதி மின்விசிறியைப் பார்த்தாள்.

"கணவர் பெயர், மாஷிமா?"

"இதுல இருக்கு" என்று கைப்பையைத் துழாவி வாக்காளர் அட்டையை எடுத்து நீட்டினாள். "அச்சடிச்சிருக்கு. படிச்சுக்கோங்க. படிச்சவர்தானே?"

உன் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படிப் பார்க்காதே. எங்க மாமியார் ரொம்பக் கண்டிப்பு" என்றாள் பௌதி.

அடுத்தது உன் அம்மா. அவளும் ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள். பொடோபாபு வாங்கவில்லை. "இந்த அட்டை இன்னைக்கு உங்க வீட்டுக்காரர் யாருன்னு சொல்லும். அன்னைக்குப் பிறந்த குழந்தைக்கு அப்பா யாருன்னு அம்மா வாயால சொல்லணும், நான் எழுதணும்" என்றார். பிறகு பேனாவைத் திறக்காமல் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், பிறப்பு ஒன்று, இறப்பு ஒன்று. "அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன் தீதி. இப்போ இருக்கிறபடி, இந்தப் புத்தகத்துல சண்முகா ஸ்டோர்ஸ் மகள் பிறந்திருக்கா. அந்தப் பேர்ல யாரும் சாகலை. எங்க கணக்குல அவ உயிரோட இருக்கா. நீங்க பேரைச் சொன்னா ரெண்டு புத்தகமும் ஒண்ணு சேர்ந்துடும். யோசிச்சுச் சொல்லுங்க."

இதை ஏன் சொன்னார் என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சட்டத்தில் இப்படிச் சொல்லச் சொல்லியிருக்காது.

உன் அம்மா, மேசையோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். "உயிரோட இருக்கான்னா சொல்லுதாரு?"

"புத்தகத்துல."

"எத்தன வயசாம்?"

"முப்பத்தொண்ணு" என்றாள் சுபா.

உன் அம்மா அந்த மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பொடோபாபு அவர்களைக் கையமர்த்தினார். முப்பத்தொரு வயதுப் பெண் ஒருத்தி எனக்கும் அப்போது கண்முன் வந்தாள், கதிர். எந்தத் தெருவில் குடியிருப்பாளோ, கல்யாணம் ஆகியிருக்குமோ, உன்னைப் போல இங்கிலீஷும் வங்காளியும் கலந்துதான் பேசியிருப்பாளோ. ஒரு பெயரைச் சொல்லாமல் விட்டால் போதும், அவள் அப்படியே இருந்துகொள்வாள். வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"அந்த ஸ்டோர்ஸ்காரன் பிள்ளையா இருந்து என்னங்க செய்ய?" என்றாள் உன் அம்மா. "நம்ம பிள்ளையாவே இருக்கட்டும்."

பிறகு பொடோபாபுவைப் பார்த்துச் சொன்னாள், "இசக்கிமுத்து."

"ஜோரே போலுன்" என்றார் அவர். சத்தமாகச் சொல்லுங்கள் என்று அர்த்தம்.

"இசக்கிமுத்து!"

ஹால் முழுக்கக் கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயில் என் பெயர் வந்தது அதுதான் முதல் முறை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பெஞ்சிலிருந்து விருட்டென்று எழுந்து நின்றுவிட்டேன், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிட்டது மாதிரி. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் 'உள்ளேன் ஐயா' என்றிருப்பேன். சுபா இதைச் சொல்லிச் சொல்லித்தான் இப்போது ஊரெல்லாம் சிரிக்கிறாள். பௌதி மட்டும் சிரிக்கவில்லை. "எவ்வளவு நீளமான பேரு! அன்னைக்கே சொல்லியிருந்தாலும் நான் ஷண்முக்னுதான் எழுதச் சொல்லியிருப்பேன்" என்றாள்.

பொடோபாபு பக்கத்தின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தார். இடம் குறுகல். என் பெயரை மூன்றாக மடக்கி, சாய்த்து, கடைசி எழுத்தைக் கிட்டத்தட்டப் புத்தகத்தின் தையலுக்குள் நுழைத்தார். எழுதி ஊதிவிட்டு அடுத்த பத்தியைக் காட்டினார். பெற்றோரின் நிரந்தர முகவரி. பௌதிக்கு நம் ஊர் எங்கே தெரியும்? அவளுக்குத் தெரிந்தது டாக்குரியாவில் இந்தச் சந்து மட்டும்தான். தற்போதைய முகவரியில் சந்தின் பெயரைச் சொல்லியிருக்கிறாள், நிரந்தர முகவரியில் அதேதான் என்பதற்கு அடையாளமாக இரண்டு சின்னக் கோடுகள். "இதுவும் தப்புத்தானே? ஊர் பேர் சொல்லுங்க, இதையும் ஓரத்துல போட்டுடறேன்" என்றார்.

நான் ஊர், தபால் நிலையம், தாலுகா, ஜில்லா என்று வரிசையாக ஆரம்பித்தேன். எத்தனை மனுவில் எழுதியிருக்கிறேன், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். உன் அம்மா என் முழங்கையைத் தொட்டாள்.

"அது இருக்கட்டும்ங்க."

"தப்பா இருக்கே."

"என்ன தப்பு? அவ நம்ம ஊர எங்க பாத்தா? பொறந்ததும் இங்க, போனதும் இங்க. ரயிலே ஏறாத பிள்ளைக்கு எதுக்கு தாலுகாவும் ஜில்லாவும்?"

பொடோபாபு பேனாவோடு காத்திருந்தார். இருக்கட்டும் என்றேன்.

சுபா அவளுடைய வெள்ளைத்தாளில் கட்டம் போட்டுவிட்டாள். பெயர் இல்லாததால் 'பெரியக்கா' என்று எழுதியிருக்கிறாள், தமிழில், கொஞ்சம் கோணலாக. பிறப்புச் சான்று நகலை உன் அம்மா சாமி அலமாரியில் வைக்கவில்லை, பீரோவில் உங்கள் இருவருடைய சான்றிதழ்கள் இருக்கும் உறையிலேயே, அவற்றுக்கு மேலே வைத்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து போனில் யாரோ பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்கள். மூணு என்றாள். எதிர்முனையில் என்ன கேட்டார்களோ, ஆமா மூணுதான் என்று இன்னொரு தடவையும் சொன்னாள்.

நான் வாழ்நாளெல்லாம் எல்லா மனுவிலும் இரண்டு முகவரி எழுதுகிறவன், கதிர். தற்காலிகம் என்று எழுதுகிற வீட்டில் வருஷம் பூராவும் இருக்கிறேன், நிரந்தரம் என்று எழுதுகிற வீட்டில் எட்டு நாள் விருந்தாளியாக இருக்கிறேன். நீயும் உன் சின்னக்காவும்கூட அந்த இரண்டாவது பத்தியை என்னைக் கேட்டுத்தான் நிரப்புவீர்கள். கல்கத்தாவின் அந்தப் பழுப்புப் பக்கத்தில் நான் ஓரத்தில்தான் இருக்கிறேன், இடம் போதாமல் மடங்கி, பாதி தையலுக்குள். அவள் மட்டும் நடுவில், கோட்டுக்குள், இந்த ஊர்க்காரியாக இருக்கிறாள்.